கடலில் கொட்டவும்

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். என் வீட்டில் கேட்டால் அந்தக் 'கொஞ்சம்' என்பதை எடுத்துவிடச் சொல்வார்கள். கடலோர ஆராய்ச்சி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் பிளம்பராக இருந்தேன். உப்புத் தண்ணீர் ஓடுகிற குழாய்களோடு அத்தனை காலம் மல்லுக்கட்டியவனிடம் பொறுமை எங்கிருந்து மிஞ்சும்? நான் சொல்லப்போவது என் கதை இல்லை, அந்தப் பெண்ணின் கதை. ஆனால் அவளை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது கோபம்தான். அதனால் அப்படித்தான் சொல்ல வரும்.

அவள் வந்தபோது வயது இருபத்துமூன்று. கடல் உயிரியலில் மேல்படிப்பு முடித்திருந்தாள். ஒரு வருடத் தற்காலிக வேலை என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். வருடம் முடிந்ததும் இன்னொரு தாள். இப்படிப் பதின்மூன்று தாள்கள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வேலை நிரந்தரமாகி, சுழலும் நாற்காலியும் வந்துவிட்டது. அவள் மட்டும் ஒரு கால் உடைந்த ஸ்டூலில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலுக்குக் குழாய்த் துண்டு வைத்துக் கட்டிக்கொடுத்ததே நான்தான்.

அவளுடைய அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துத் துணி தைப்பவர். வாய் நீளம். ஒருமுறை நான் அவர்கள் வீட்டுக் குழாயைச் சரிசெய்யப் போயிருந்தபோது, ஜன்னல் ஓரம் காய்ந்துகொண்டிருந்த மகளின் ரப்பர் காலணியைக் காட்டி, "கடல்ல இருக்கற சிப்பிக்கெல்லாம் இவ பிள்ளைப்பேறு பார்க்கறா, என் வயித்துல பொறந்ததுக்கு ஒரு வேலை நிரந்தரமாகற வழியக் காணோம்" என்றார். மகள் உள்ளறையில் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு, காது கேட்காதவள் மாதிரி இருந்தாள்.

காது கேட்காத மாதிரி இருப்பதில் அவள் கெட்டிக்காரி. மேலே இருப்பவர்கள் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவாள். கருத்தரங்குக்குப் போக அவள் எழுதிய கட்டுரையை வேறொருவர் பெயரில் படித்தார்கள், தலையை ஆட்டினாள். அவளுடைய அறையைப் பழைய சாமான் போடும் இடமாக ஆக்கினார்கள், அதற்கும் ஆட்டினாள். எனக்குப் பார்க்கப் பார்க்க வயிற்றெரிச்சலாக இருக்கும். ஆனால் அவளுக்குக் கோபமே வராது என்று நினைத்துவிடாதீர்கள். வரும். என்னிடம் மட்டும்தான் வரும். அவளுக்குத் தாள் கொடுப்பதும் நிறுத்துவதும் என் கையில் இல்லையே?

அவளுடைய ஏழாவது வருடக் கோடையில்தான் எல்லாம் தொடங்கியது. எங்கள் ஊர் வளைகுடாவில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து சிப்பி வளர்க்கிறார்கள். மூங்கில் மிதவை கட்டி, அதிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டு, கயிற்றில் கோத்த பழைய ஓடுகளின் மேல் சிப்பியை வளர விடுவார்கள். அந்தக் கோடையில் தண்ணீர் சூடேறி, ஏதோ நோயும் சேர்ந்து, சிப்பிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. நாற்றம் பஸ் நிறுத்தம் வரை வந்தது. நிலையத்தில் எல்லோரும் அறையில் உட்கார்ந்து அறிக்கை எழுதினார்கள்.

இவள் மட்டும் மிதவைக்காரம்மாவின் படகில் ஏறிப் போனாள். மிதவைக்காரம்மா என்பவர் அந்தப் பெண்கள் குழுவின் தலைவி, புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகப் பன்னிரண்டு மிதவைகளைப் பார்த்துக்கொள்பவர். செத்த சிப்பி வாயைப் பிளந்துகொண்டிருக்கும். உயிருள்ளதைத் தட்டினால் இறுக்கி மூடிக்கொள்ளும். பதினோரு நாள், மிதவை மிதவையாக, ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். அத்தனை ஆயிரத்தில் உயிரோடு கிடைத்தவை நாற்பத்தொன்று. ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். நாற்றம் தாங்காமல் கண்டக்டர் இறக்கிவிடப் பார்த்தாராம், இறங்க மறுத்துவிட்டாளாம். அந்த ஒரு பிடிவாதத்தை இயக்குநர் அறையில் காட்டியிருந்தால் எப்போதோ நிரந்தரமாகியிருப்பாள்.

அந்த நாற்பத்தொன்றையும் தாய் தகப்பனாக வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தாள். பிழைத்ததன் பிள்ளை பிழைக்கும் என்பதுதான் அவள் கணக்கு. பிள்ளைகளைக் கோடையில் வளைகுடாவில் விட்டாள், பத்துக்கு மூன்று பிழைத்தன. பிழைத்தவற்றிலிருந்து அடுத்த தலைமுறை, பத்துக்கு ஐந்து. அதற்கடுத்தது, பத்துக்கு ஏழு. இதற்கே ஆறு வருடம் ஆகிவிட்டது. எதைப் பேசினாலும் அந்த நாற்பத்தொன்றில் வந்து முடிப்பாள். கேன்டீனில் அவளுக்குப் பெயரே 'நாப்பத்தொண்ணு' என்று ஆகிவிட்டது.

நான்காம் தலைமுறைக் குஞ்சுகளை மிதவைப் பெண்களுக்குக் கொடுப்பதாக இருந்தது. வருடக் கடைசியில் தலைமையகத்திலிருந்து ஒரு குழு வரும். குஞ்சுகள் ஓட்டில் ஒட்டி வளர்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்தால் அவள் வேலை நிரந்தரம், சிப்பி மிதவைகளுக்கு. பார்க்காவிட்டால் பதினான்காவது தாள் கிடையாது. இதை இயக்குநரே அவளிடம் சொல்லியிருந்தார். அந்தக் குஞ்சு பொரிப்பகத்தைக் காலி செய்து, பார்வையாளர்களுக்காக வண்ணமீன் காட்சிக்கூடம் ஆக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. சிவப்பு மீனும் மஞ்சள் மீனும் நீந்தினால் மந்திரி வந்து படம் எடுத்துக்கொள்வார். சிப்பியோடு யார் படம் எடுத்துக்கொள்வார்கள்?

இந்த இடத்தில் நான் வருகிறேன்.

என்னைப் பெரிய கட்டடத்திலிருந்து பொரிப்பகத்துப் பக்கம் மாற்றி மூன்று வருடம் ஆகியிருந்தது. மாற்றிய முதல் மாதமே அவளுக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் தொட்டி அறைக்குள் போனேன். நாலு பேர் எதிரில், "அண்ணே, உங்க கையில சோப்பு வாசனை வருது, வெளிய போங்க" என்றாள். அழுக்குக் கையோடு வந்தான் என்று துரத்தினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சுத்தமாக வந்ததற்குத் துரத்தினால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? ஏன் என்று சொல்லித் தொலைத்தாளா? சொல்லவில்லை. அங்கே யாரும் எதையும் பிளம்பரிடம் சொல்வதில்லை. சுற்றுலா வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் விளக்குவார்கள். குழாய் போடுகிறவனுக்கு விரலைக் காட்டி இடத்தைச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

பம்ப் அறையில் இருந்த பிளாஸ்டிக் வால்வு அந்த வருடம் இரண்டு முறை விரிசல் விட்டது. ஒவ்வொரு முறையும் தொட்டிக்குத் தண்ணீர் நின்று அவள் பரிதவித்துப்போவாள். மூன்றாம் முறை ஒழுகியபோது என்னிடம் வந்து, நல்ல வால்வாகப் பார்த்துப் போடச் சொன்னாள். அன்றைக்கு எனக்கு மனசு இளகிவிட்டது. உடைந்த ஸ்டூல், அடுத்தவர் கழித்துப்போட்ட மேசை, ஓட்டை வாளி என்று இவளுக்கு எல்லாமே மிச்சம் மீதிதான். ஒரு பொருளாவது உருப்படியாகக் கிடைக்கட்டும் என்று ஸ்டோர்க்காரரிடம் இரண்டு நாள் சண்டை போட்டேன். கப்பலுக்கு வந்த பித்தளை வால்வு ஒன்று அவரிடம் இருந்தது. கையில் எடுத்தால் கனம் தெரியும். என் ஆயுசுக்கும் ஒழுகாது.

மூன்று தாள் கோரிக்கைச் சீட்டை நானே எழுதினேன். வெள்ளைத் தாள் ஸ்டோருக்கு, மஞ்சள் எனக்கு, இளஞ்சிவப்பு அவளுக்கு. 'வால்வு, பித்தளை, ஒன்று.' அவள் தொட்டி ஓரம் சல்லடையில் குஞ்சு வடித்துக்கொண்டிருந்தாள். நான் அட்டையைப் பிடித்துக்கொண்டேன், அவள் சல்லடையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஈரக் கையோடு கையெழுத்துப் போட்டாள். வால்வைப் பொருத்தி, உப்புக் காற்றுக்கு நிறம் மங்கிவிடக் கூடாது என்று குழாயோடு சேர்த்து நீலப் பெயிண்ட் அடித்தேன். அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரம் பொரித்த குஞ்சுகள் மூன்றாம் நாள் செத்தன.

சிப்பிக் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது. உயிரோடு இருந்தால் தண்ணீரில் சுற்றிக்கொண்டே இருக்கும், செத்தால் தொட்டி அடியில் மாவு கொட்டின மாதிரி வெள்ளையாகப் படியும். முதல் தொட்டியில் அந்த மாவைப் பார்த்தபோது, பாசித் தீனியில் ஏதோ கோளாறு என்றாள். தீனியை மாற்றினாள். இரண்டாவது தடவையும் மூன்றாம் நாளே மாவு. தொட்டியைத் தேய்த்தாள், சல்லடையை மாற்றினாள், சூடு பார்த்தாள், உப்பு பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. அதே தண்ணீரில் பெரிய சிப்பிகள் நன்றாகத்தான் இருந்தன, அதனால் தண்ணீர் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்றாவது தடவையும் போனது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான்காவதைப் பார்த்தாள். அதுவும் போனது.

இதற்குள் நிலையத்தில் ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். அவள் கை சரியில்லை என்றார்கள். மேற்படிப்பு போதவில்லை என்றார்கள். இயக்குநர் 'கவனக்குறைவு' என்று எழுதி விளக்கம் கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கேன்டீனில் உட்கார்ந்துகொண்டு, சோப்பு வாசனைக்கே ஆளைத் துரத்துகிறவளுக்கு இப்போது என்ன ஆச்சு என்று நக்கல் அடித்தேன். நாலு பேர் சிரித்தார்கள். அதை இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

குஞ்சு பொரிக்கும் பக்குவத்தில் இருந்த தாய்ச் சிப்பிகள் அதோடு ஒன்பதுதான் மிச்சம். ஆறு வருடத்து உழைப்பு ஒன்பது சிப்பிக்குள் வந்து நின்றது. இதுவும் போனால் நாற்பத்தொன்றின் வம்சம் அத்துப்போகும்.

அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். கடலுக்குள் நீளும் படகுப் பாலத்தின் நுனிக்குப் போய் வெள்ளை பிளாஸ்டிக் கேனில் கடல் தண்ணீரை மொண்டு, கைக்கு ஒன்றாகத் தூக்கிவந்து, ஆறு வாளிகளில் நிரப்பினாள். காலை முழுக்க நடை. தோள்பட்டை இறங்கிப்போய் நடந்துவந்தவளைப் பார்த்து, குழாயில் வருவதும் இதே கடல்தானே, எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன். அவள் கேன்களை வாளியில் கவிழ்த்துவிட்டு மறுபடி பாலத்துக்கு நடந்தாள். வாளியில் குஞ்சு விட்டாள். மூன்றாம் நாள் உயிரோடு சுற்றின. ஐந்தாம் நாளும் சுற்றின.

ஐந்தாம் நாள் பம்ப் அறை வாசலில் வந்து நின்றாள். மூன்று வருடத்தில் அவள் அந்த அறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"கடல் ஒண்ணுதான் அண்ணே," என்றாள். "நடுவுல உங்க குழாய் இருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் குழாயையா சொல்கிறாய், பார்த்துக்கொள் என்று விளக்கைப் போட்டேன். பம்ப்பிலிருந்து தொடங்கி, கையால் தடவிக்கொண்டே வந்தாள். வடிகட்டி, முழங்கை வளைவு, நேர்க் குழாய். வால்வில் கை பட்டதும் நின்றாள். கனத்தைக் கவனித்தாளா, குளிர்ச்சியைக் கவனித்தாளா, தெரியாது. வீட்டுச் சாவியை எடுத்து நீலத்தைச் சுரண்டினாள். மஞ்சளாகத் தெரிந்தது.

"இது பித்தளையா?"

"உசத்தியான பித்தளை" என்றேன். அப்போதும் என் குரலில் பெருமை இருந்தது, கேளுங்கள்.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பித்தளையில் இருக்கிற செம்பு கடல் தண்ணீரில் கரையும், பெரிய சிப்பி தாங்கும், குஞ்சு தாங்காது, துளி போதும், சோப்பும் அப்படித்தான் என்று ஏதோ பாடம் ஒப்பிக்கிறவள் போலச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு வந்தது பாடம் இல்லை. ஆறு வருஷத்தைக் கொன்னுட்டீங்களே என்றாள், கண் இல்லையா என்றாள், இன்னும் என்னென்னவோ சொன்னாள். நானும் விடவில்லை.

"எங்கிட்ட யாரும்மா சொன்னா? நீ சொன்னியா? இங்க எல்லாமே பிளாஸ்டிக்கா இருக்கறதப் பார்த்துக் கஞ்சத்தனம்னுல்ல நெனச்சேன். ஏன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கையாலயா வெஷம் வெப்பேன்?"

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தி, வால்வைக் கழற்ற ஆரம்பித்தேன்.

மறுநாள் எனக்கு இன்னொன்று தெரிந்தது. பொரிப்பகத்தின் பழைய காவலாளி, அந்த வாசல் சுவரில் முன்பு ஏதோ எழுதியிருந்தது என்றார். தகடு எடுத்துப்போய்ச் சுவரைச் சுரண்டினேன். புது வெள்ளைக்கு அடியில் சிவப்பு எழுத்து: 'இக்கட்டடத்தினுள் உலோகம் கூடாது.' நான் மாறி வருவதற்குச் சில மாதம் முன்பு, யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று சுவர் அசிங்கமாக இருக்கக் கூடாதாம், இயக்குநர் வெள்ளை அடிக்கச் சொன்னாராம். திருப்பி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

விசாரணை வைத்தார்கள். அதற்கு முன்பே இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, பிளம்பர் தன் இஷ்டத்துக்குச் செய்ததாக எழுதிக் கொடுத்துவிடு, உன் பெயர் கெடாது என்று சொல்லியிருக்கிறார். இது காதில் விழுந்ததும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எனக்கு ஓய்வு பெற ஐந்து மாதம்தான் இருந்தது. என்னை என்ன கிழித்துவிடுவார்கள்? என்னிடம் இருந்த மஞ்சள் சீட்டை, நானே பொருத்திய கழிவறையில் போட்டு, நானே தண்ணீரும் விட்டேன். ஸ்டோர்க்காரரிடம் போன வாரத்துத் தாளே கிடைக்காது, அதனால் வெள்ளைச் சீட்டைப் பற்றிக் கவலை இல்லை. பழி என்னோடு போகட்டும், அவள் பிழைக்கட்டும்.

விசாரணை அறையில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் இயக்குநர். நான் போய் நின்று, நானாகத்தான் போட்டேன், அவளுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். இயக்குநர் தலையசைத்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது இவள் நோட்டைத் திறந்தாள். எல்லாவற்றையும் நோட்டில் ஒட்டிவைக்கிற பாழாய்ப்போன பழக்கம் அவளுக்கு. தேதிவாரியாக ஒட்டியிருந்ததில் அந்த இளஞ்சிவப்புச் சீட்டும் இருந்தது, அவள் கை ஈரம் பட்டு மை கலைந்த கையெழுத்தோடு. அதை மேசையில் வைத்தாள்.

"பித்தளைன்னு இதுல எழுதியிருக்கு. படிக்காம கையெழுத்துப் போட்டது நான். உலோகம் கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லாததும் நான்தான்."

எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. உனக்காக ஒருத்தன் பொய் சொல்லி முடித்திருக்கிறான், உட்கார்ந்து தலையை ஆட்ட வேண்டியதுதானே? பதின்மூன்று வருடமாக அதைத்தானே செய்தாய்? ஆத்திரத்தில் நான் சுவர் விஷயத்தை எடுத்தேன். அந்த எழுத்தின் மேல் வெள்ளை அடிக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். ஓரத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் சரியாக அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தார். நான் பேசி முடித்த பிறகுதான் எடுத்தார்.

தலைமையகக் குழுவின் வருகையையே இயக்குநர் ரத்து செய்ய வைத்தார். அவளுக்கு இரண்டு வரியில் தாள் வந்தது, ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அதற்குள் வாளிக் குஞ்சுகள் வளர்ந்து ஓட்டில் ஒட்டிவிட்டிருந்தன, முன்னூற்றுப் பன்னிரண்டு பழைய ஓடுகளில் பொட்டுப் பொட்டாக. அதில் ஒன்றையாவது பையில் போட்டுக்கொண்டு போனாளா? இல்லை. நிலையத்துச் சொத்தாம். எண்ணி எழுதிவைத்துவிட்டு, சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்தாள். நான் அவளைக் கேட் வரைக்கும் திட்டிக்கொண்டே போனேன்.

மறுவாரம் எனக்கு ஓர் உத்தரவு வந்தது. வண்ணமீன் கூடத்துக்கு இடம் வேண்டும். 'குஞ்சு பொரிப்பகத்தில் உள்ள பயனற்ற கழிவுகள் அனைத்தையும் உடனடியாக அகற்றிக் கடலில் கொட்டவும்.' கீழே இயக்குநரின் கையெழுத்து, முத்திரை. நான் அதை மூன்று முறை படித்தேன். கழிவு என்று அதோடு இணைத்த பட்டியலில் முதலில் இருந்தது அந்த முன்னூற்றுப் பன்னிரண்டு ஓடுகளும் ஒன்பது தாய்ச் சிப்பிகளும். முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ உத்தரவுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்திருக்கிறேன். இதை மட்டும் ஓர் எழுத்து மாறாமல் செய்வது என்று தீர்மானித்தேன். கடலில் கொட்டச் சொல்லியிருந்தார்கள். கடலில் எந்த இடத்தில் என்று சொல்லவில்லை.

மிதவைக்காரம்மாவின் படகை வரச் சொன்னேன். நிலையத்து வண்டியிலேயே, பட்டப்பகலில், கேட்டில் உத்தரவைக் காட்டிவிட்டு, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப்போனேன். வளைகுடாவில் ஒரு மிதவை காலியாக இருந்தது. ஓடுகளைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, மிதவைக்காரம்மா சொல்லியனுப்பி அவள் ஓட்டமும் நடையுமாக வந்துசேர்ந்தாள். இது தப்பு அண்ணே என்று ஆரம்பித்தாள். நான் தாளை நீட்டினேன். வாங்கிப் படித்தாள். 'பயனற்ற கழிவுகள்' என்ற இடத்தில் அவள் கண் நின்றுவிட்டது. பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் போட்ட முடிச்சு சரியில்லை, கயிறு ஆழம் போதவில்லை என்று திட்ட ஆரம்பித்தாள். நான் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

அதன் பிறகு ஒன்றரை வருடம். நான் ஓய்வு பெற்று, வேலையில்லாமல் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அவள் மிதவைக்காரம்மாவிடம் ஓடு சுரண்டும் வேலைக்குப் போனாள். மைக்ராஸ்கோப் பார்த்த பெண் கத்தியும் கையுறையுமாக மற்ற பெண்களோடு வரிசையில் உட்கார்ந்தாள். அவள் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம் அழுதார். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் அவள் படகில் போய் அந்தக் கயிறுகளை ஏற்றி, அளந்து, நோட்டில் எழுதிவிட்டு வருவாள். நான் துடுப்புப் போடுவேன்.

பிறகு அந்தக் கோடை வந்தது. முந்தியதைவிட மோசமான சூடு. சுற்றி இருந்த மிதவைகளில் சிப்பிகள் வாய் பிளந்தன, மறுபடி நாற்றம் பஸ் நிறுத்தம் வரை போனது. பெண்கள் கயிற்றை ஏற்றிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்கள். அவளுடைய மிதவைக்குப் போனோம். முதல் கயிற்றை நான் இழுத்தேன். அவள் விரல் முட்டியால் தட்டினாள். மூடியது. அடுத்தது, மூடியது. எல்லாக் கயிறுகளையும் தட்டி முடித்தபோது பத்துக்கு எட்டு உயிரோடு இருந்தன. அவள் நோட்டை எடுத்து எழுதினாள், எழுத்து கோணலாக வந்தது. மிதவைக்காரம்மா சத்தம் போட்டு அழுதார்.

விஷயம் எப்படிப் போகுமோ போனது. இரண்டாம் வாரம் நிலையத்துப் படகு வந்தது. இயக்குநர், தலைமையகத்து அதிகாரி ஒருவர், கேமராவோடு ஓர் ஆள். இயக்குநர் மிதவையில் ஏறி, காலில் தண்ணீர் படாமல் நின்றுகொண்டு, இது நம் நிலையத்தின் பல வருட ஆராய்ச்சி என்று அதிகாரிக்கு விளக்கினார். இந்தக் கயிறுகளை நிலையத்துக்கு எடுத்துப்போகப் போவதாகச் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, நீயும் வா, ஒரு வருடத் தற்காலிக வேலை போட்டுத் தருகிறேன் என்றார். பதினான்காவது தாள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அந்த உத்தரவை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒன்றரை வருடமாகச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். எடுத்து அவர் மூஞ்சியில் காட்டி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினாள். தாளை அவள் கையில் வைத்தேன்.

அதை அதிகாரியிடம் கொடுத்தாள். அவர் படித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு இயக்குநரைப் பார்த்தாள். அவள் அவரை நேராகப் பார்த்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"பதிமூணு வருஷம் உங்க முன்னாடி நான் தலைய மட்டும்தான் ஆட்டினேன் சார். உங்களைக் கேட்க வேண்டியதையெல்லாம் இந்த மனுஷனைக் கேட்டேன், இவர் தலையில கொட்டினேன். அது என் தப்பு. இதைக் கழிவுன்னு எழுதினது நீங்க. கழிவைக் கொட்டியாச்சு. கொட்டினதை அள்ளிட்டுப் போக வராதீங்க. இது இவங்க கயிறு, இவங்க கடல், இந்தக் கோடையில சிப்பியெல்லாம் செத்துக் குஞ்சு கேட்டு நிக்கறவங்க நாப்பது குடும்பம். அவங்களுக்குத்தான் கொடுப்பேன். இறங்குங்க."

குரலை அவள் உயர்த்தவே இல்லை. இயக்குநர் அதிகாரியைப் பார்த்தார், அதிகாரி தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டிருந்தார். கேமராக்காரர் எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நின்றார். இயக்குநர் படகில் இறங்கும்போது கால் வழுக்கி முழங்கால் வரை நனைந்தது. யாரும் கை கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

படகு போகிறவரை அவள் நின்று பார்த்தாள். நான் ஏதாவது நல்ல வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன். அவள் கயிற்றைப் பார்த்துக் குனிந்தாள்.

"அண்ணே, மூணாவது கயித்துல முடிச்சு மறுபடி தளர்ந்திருக்கு. எத்தன தடவ சொல்றது?"

இவளைத் திருத்தவே முடியாது. நான் வாய்க்குள் திட்டிக்கொண்டே போய் முடிச்சை இறுக்கினேன்.